பெரியவர் விஷயமாக

ஜனவரி 6

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீ கட்டிக் கொடுத்த பையில் பாதி காலி. மீதியை ரயிலில் முடித்துவிடுவேன். இன்னும் அரைமணியில் வண்டி. பிளாட்பாரத்துத் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாரும் பிரித்துப் படிக்காத கடைசிக் கடிதம் இதுதான்.

நாளையிலிருந்து எல்லையிலுள்ள பழைய சுங்கக் கட்டடத்தில் வாசம். இரண்டு நாட்டுக்காரர்களும் பேசி முடிக்கும்வரை மொழிபெயர்ப்பாளர்களும் உள்ளேயே இருக்க வேண்டும். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம். கடிதம் எழுதலாம். ஆனால் போவதையும் வருவதையும் ஓர் அதிகாரி படித்துவிட்டுத்தான் விடுவார்.

படிவம் நிரப்பும்போது பயந்துகொண்டே இருந்தேன். ராணுவத்தில் உறவினர் உண்டா என்று கேட்டிருந்தார்கள். பெற்றோர், கணவர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், நாலே கட்டம். அக்கா மகனுக்குக் கட்டம் இல்லை. சித்தி என்றால் சின்ன அம்மா, உன் பிள்ளை எனக்கும் பிள்ளைதான் என்பதெல்லாம் படிவம் எழுதினவருக்குத் தெரியவில்லை. மலைமேட்டுக் காவலில் வயர்லெஸ் பெட்டியோடு இருந்த பையன் இரண்டு வருஷத்துக்கு முந்தின சண்டையில் காணாமல்போனான், அவனைத் தேடித்தான் இவள் வந்து உட்காருகிறாள் என்று தெரிந்தால் இந்நேரம் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அதனால் கடிதத்தில் அவன் பெயர் வேண்டாம். வீட்டில் கூப்பிடுகிறபடி பெரியவர் என்றே எழுது. நாலு வயதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து 'நாடு கெட்டுப்போச்சு' என்று அலுத்துக்கொண்டவனுக்கு நாம் வைத்த பெயர், இப்போது உபயோகப்படப் போகிறது.

நல்ல செய்தி தெரிந்தால் 'இங்கே மழை' என்று எழுதுவேன். மற்றதற்கு நாம் சொல் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரையை விடாதே.

உன் பாப்பா


ஜனவரி 20

பாப்பா,

நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். பிரஷர் மாத்திரை போடறேன், சந்தேகம்னா வந்து எண்ணிப் பார்த்துக்கோ. முப்பத்தெட்டு வயசுக்காரியைப் பாப்பான்னு எழுதறேனேன்னு அந்த ஆபீசர் சிரிப்பார். சிரிக்கட்டும், பாவம், நாள் பூரா அடுத்தவங்க லெட்டரைப் படிக்கிறவருக்கு வேற என்ன இருக்கு.

டிப்போவில எல்லாம் எப்பவும்போலத்தான். என்னோட டைம் கீப்பர் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்திட்டாங்க. இப்ப பஸ் புகை பூரா எனக்கு. பதினேழாம் நம்பர் வண்டி இன்னைக்கும் இருபது நிமிஷம் லேட். கேட்டா டிரைவர் சொல்றார், "நான் கரெக்டாத்தான் வந்தேன் மேடம், டைம்தான் முன்னாடியே வந்துடுச்சு." நோட்டுல எழுதிக்கிட்டேன்.

பெரியவர் விஷயமா போன வாரம் ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வந்தார். ஃபைலை முடிக்கணுமாம். 'இனி திரும்பி வரமாட்டார்னு கருதறோம்'னு ஒரு தாள், கீழ என் கையெழுத்துக்குக் கோடு. பேனாவை நானே திறக்க வேண்டாம்னு திறந்து வேற நீட்டறார். "மூடி வைங்க சார், மை காஞ்சுடும்"னேன். டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டார். தாளை மேஜை மேலேயே விட்டுட்டுப் போயிருக்கார்.

பதினேழாம் நம்பர் கண்டக்டர் பொண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும். அவ தம்பியும் பெரியவரும் ஒரே இடத்துல வேலை பார்த்தவங்கதானே. டிக்கெட் கட்டு வாங்க வர்றப்போ எல்லாம் "உங்க தங்கச்சி லெட்டர் போட்டாங்களா"ன்னு கேக்கறா. போட்டா, நான் கட்டிக் கொடுத்த பை பாதி காலின்னு போட்டான்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்கா,

சுகம். உன் கடிதம் ஏழு நாள் கழித்துக் கைக்கு வந்தது. அதிகாரி சிரிக்கத்தான் செய்தார்.

இங்கே நாங்கள் சாதித்தது என்ன தெரியுமா? முதல் ஒன்பது நாள் கதவைப் பற்றிப் பேசினோம். கூட்டம் நடக்கும் அறைக்கு ஒரே வாசல். யார் முதலில் நுழைவது? எங்கள் தலைவர் நுழைந்தால் அவர்கள் பின்னால் வந்தவர்களாகிவிடுவார்கள். அவர்கள் நுழைந்தால் நாங்கள். கடைசியில் எதிர்ச்சுவரை உடைத்து இன்னொரு வாசல் வைத்தார்கள். தச்சரை இரண்டு பக்கத்து அதிகாரிகளும் பக்கத்தில் நின்று அளக்க வைத்தார்கள். "ஒரு நூல் கூடக்குறைய இருந்தா சண்டை வந்துடுமா சார்?" என்று அவர் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

தரையில் மஞ்சள் பெயிண்டில் எல்லைக்கோடு. மேஜைக்கு நட்டநடுவில் அடியில் ஓடுகிறது. என் நாற்காலி இந்தப் பக்கம். நேர் எதிரே அவர்கள் மொழிபெயர்ப்பாளர், என்னைவிட இருபது வயது மூத்தவர், ஷூவில் ஒன்றுக்கு மட்டும் கயிறு மாற்றியிருக்கிறார். பெயர் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால் எதிர்நாற்காலிக்காரர் என்று வைத்துக்கொள். போன வாரம் அவர்கள் தலைவர் சொன்ன ஒரு சொல்லுக்கு 'எச்சரிக்கை' என்றும் அர்த்தம், 'முன்கூட்டிச் சொல்லிவைத்தல்' என்றும் அர்த்தம். நான் தயங்கினேன். எங்கள் தலைவர் முகம் சிவக்க ஆரம்பித்தது. எதிர்நாற்காலிக்காரர் தன் தலைவர் காதில் ஏதோ சொன்னார். அவர் வேறு சொல் போட்டுத் திரும்பச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிமிஷம் எங்கள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது.

நேற்று ஒரு போன் வைத்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு நம் பக்கத்துக் கமாண்டர் எடுத்து "கேட்கிறதா?" என்பார். அங்கிருந்து "கேட்கிறது." வைத்துவிடுவார்கள். இதற்கு நாற்பது பக்க ஒப்பந்தம். சிரிக்காதே. போன தடவை மலையில் மாடு மிதித்து வெடித்த கண்ணிவெடியைத் தாக்குதல் என்று நினைத்துத்தானே எல்லாம் ஆரம்பித்தது. அன்றைக்கு இந்தப் போன் இருந்திருந்தால் யாராவது எடுத்துக் கேட்டிருப்பார்கள்.

அதிகாரி கேட்டார், "உங்க வீட்டுப் பெரியவருக்கு என்ன வயசு?" "பேச ஆரம்பிச்சா எண்பது" என்றேன். "எங்கப்பாவும் அப்படித்தான்" என்றார்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. இங்கே மழையும் இல்லை, மேகமும் இல்லை. பெரியவர் வந்ததும் அவரிடமே கேட்டுப் போடலாம்.

உன் பாப்பா


பிப்ரவரி 21

பாப்பா,

நான் சௌக்கியம். அந்தக் குளிர்ல உனக்கு இருமல் ஏதும் வரலையே? வெந்நீர் குடி.

கதவு கதையை டிப்போவில சொன்னேன். மெக்கானிக் சிரிச்சு சிரிச்சு ஸ்பேனரைக் கீழ போட்டுட்டார். கண்டக்டர் பொண்ணு மட்டும் சிரிக்கலை. "ஒன்பது நாள் கதவுக்கா?"ன்னா.

பேப்பர்ல போட்டிருக்கான், ரெண்டு பக்கமும் ஆள் பட்டியல் மாத்திக்கப் போறாங்கன்னு. நிஜமா பொய்யான்னு உன்னைக் கேக்கலை. நீ சொல்லவும் கூடாது. பெரியவர் சட்டையெல்லாம் எடுத்துத் துவைச்சுப் போட்டேன். நீலச் சட்டைக்குப் பட்டன் தெச்சேன். தோள் அகலமாயிருக்குமா, இளைச்சிருக்குமான்னு தெரியலை. எதுக்கும் சின்னதா ஒண்ணு, பெரிசா ஒண்ணுன்னு ரெண்டு புதுசு வாங்கிட்டேன்.

எங்களை மாதிரி வீட்டுக்காரங்க சேர்ந்து ஒரு சங்கம் வெச்சிருக்காங்க. போட்டோவைப் பிடிச்சுக்கிட்டு ஊர்வலம் போறாங்க. எதிர்ப்பக்கத்தோட பேசவே கூடாதுங்கறாங்க சிலபேர். பேசாம எப்படி ஆள் வரும்? நான் இதுவரைக்கும் போகலை.

மழை எப்ப வரும்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். இங்க ஒரே வெக்கை.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பதில் போட ஆறு வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம். தொண்டை கட்டிக்கொண்டது, இப்போது பரவாயில்லை.

என் அறையைப் பற்றி எழுதவில்லை என்று கேட்டிருந்தாய் அல்லவா? கேட்கவில்லையோ. சின்ன அறை. முன்பு பிடிபட்ட சாமான்களைப் பூட்டி வைத்த இடமாம். கட்டிலுக்கு ஒரு கால் குட்டை, அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். சுவரில் பழைய நாள்காட்டி மாட்டின ஆணி இருக்கிறது. துண்டைத் தொங்கவிட உதவுகிறது. மேஜைவிளக்கு சரியாக எரிகிறது.

சாலை கெட்டுப்போனதால் மூன்று நாள் கூட்டம் இல்லை. அந்த மூன்று நாளும் பென்சில்களைச் சீவி வைத்தேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. மாத்திரையைப் போடு. பக்கத்து வீட்டு அம்மாளை ராத்திரிக்குத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். வெயிலில் அலையாதே.

உன் பாப்பா


ஏப்ரல் 14

பாப்பா,

நல்லா இருக்கேன். நீயும் நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கே.

மாச ஆரம்பத்துல ரேடியோவில சொன்னான், உங்க பக்கத்துல மூணு நாளா அடைமழையாம். பாலத்துல தண்ணி ஏறிடுச்சாம். சாலை கெட்டுப்போச்சுன்னு நீ எழுதியிருந்தே. எதனால கெட்டுச்சுன்னு எழுதலை.

உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். ஆணி, அட்டை, பென்சில் எல்லாம் படிச்சேன்.

பதினேழாம் நம்பர் இன்னைக்குச் சரியான நேரத்துக்கு வந்துச்சு. டிரைவரே பயந்துட்டார்.

வேற விசேஷம் இல்லை. தொண்டைக்கு உப்புத்தண்ணி கொப்பளி.

அக்கா


மே 2

அன்புள்ள அக்கா,

சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

பேச்சுவார்த்தை என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரிந்த, பேப்பரில் வந்த ஒரு கதையை மட்டும் எழுதுகிறேன். அதிகாரிக்கும் இதில் ஆட்சேபம் இருக்காது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் ஒரு பேச்சு நடந்தது, நினைவிருக்கிறதா? அப்போதும் இரண்டு பக்கமும் பட்டியல் மாற்றிக்கொண்டார்கள். ஆட்கள் வீடு திரும்பும்வரை வெளியே சொல்வதில்லை என்று பேச்சு. ஆனால் எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் தன் சொந்தக்காரருக்கு மட்டும் சொன்னார். அவர் தன் அண்ணனுக்கு மட்டும் சொன்னார். மறுநாள் பேப்பரில் செத்தவர்கள் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் வந்தது. இங்கே கடைகளை எரித்தார்கள். அங்கேயும் எரித்தார்கள். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். உயிரோடு இருந்தவர்கள் இன்னும் மூன்று வருஷம் உள்ளேயே கிடந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நடந்து திரும்பவில்லை.

சொன்னவர் கெட்டவர் இல்லை. பிரியத்தில் சொன்னார்.

கூட்டம் நன்றாகத்தான் போகிறது. தினமும் பத்து மணிக்குப் போன் அடிக்கிறது. கேட்கிறதா, கேட்கிறது. இப்போதெல்லாம் கூடவே ஒரு நிமிஷம் பேசுகிறார்களாம்.

எனக்கு இரண்டு நாள் விடுப்பு கொடுத்தார்கள். வேலை இருப்பதால் வரவில்லை.

உன் பாப்பா


ஜூன் 11

பாப்பா,

உடம்புக்கு ஒண்ணுமில்லை. பதில் போட நாளாயிடுச்சு.

நீ எழுதின பழைய கதை புரிஞ்சுது.

போன மாசம் சங்கத்துக்காரங்க வீட்டுக்கு வந்தாங்க. எட்டுப் பேர். தலைநகரத்துல பெரிய ஊர்வலமாம். அம்மாக்களை முன்னாடி நடக்க வைக்கணும், நீங்கதான் முதல்ல வரணும்னாங்க. "பட்டியலை மறைச்சு வெச்சிருக்காங்க, உங்களுக்குத் தெரியாதா? உங்க மனசு சொல்லலையா?"ன்னு ஒருத்தர் கேட்டார். கூட ஒரு பேப்பர்காரப் பொண்ணு நோட்டும் கையுமா நிக்கறா. கண்டக்டர் பொண்ணும் வந்திருந்தா. எல்லாரும் என் வாயையே பார்க்கறாங்க. வாயைத் திறந்தா கொட்டிடும்போல இருந்துச்சு.

"எனக்குக் கால் வலி, நடக்க முடியாது"ன்னேன்.

"சரிம்மா, உட்கார்ந்தாவது நாலு வார்த்தை சொல்லுங்க"ன்னா அந்தப் பொண்ணு.

"எனக்குப் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புதுன்னுதான் தெரியும். அதைக் கேளு, சொல்றேன்."

போயிட்டாங்க. வாசல்ல ஒருத்தர், இவளுக்குப் பிள்ளைப் பாசமே இல்லைன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. கண்டக்டர் பொண்ணு மட்டும் திரும்பி வந்தா. "மேடம், நானும் போகாம இருக்கட்டுமா?"ன்னா. அவளா கேட்டா. "இன்னும் கொஞ்ச நாள் டிக்கெட் கிழி"ன்னேன்.

அப்புறம், அந்த ஆபீஸ்காரர் விட்டுட்டுப்போன தாள் மேஜை மேலேயே கிடந்துச்சு. நேத்துக் கையெழுத்துப் போட்டு, கவர்ல வெச்சு ஒட்டினேன். அனுப்பலை. உங்க வேலை முடியட்டும், அனுப்பறேன்.

நீ எதுவும் எழுத வேண்டாம். வேலையைப் பார்.

அக்கா


ஜூலை 19

அக்கா,

இன்று காலை பதினோரு பேர் மஞ்சள் கோட்டைத் தாண்டி நடந்து வந்தார்கள். அங்கே ஒன்பது பேர் போனார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை. இதில் நலம் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

நாளைக் காலை பட்டியல் பேப்பரில் வரும். அதற்குமுன் கையில் கிடைக்கட்டும் என்று, ஊருக்குத் திரும்பும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நானே வந்திருக்க வேண்டும். பெட்டிகளை ஒப்புக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அது முழு உண்மை இல்லை. நிற்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன்.

மார்ச் 14-ஆம் தேதி பட்டியல் வந்தது. அவர்கள் எழுத்து வேறு, நம் எழுத்து வேறு. அதனால் பெயர் தவறக் கூடாது என்று மொழிபெயர்ப்பாளர்கள் வாய்விட்டுப் படிக்க ஏற்பாடு. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்கள், பதினோரு பெயர். நாலாவதாகக் கண்டக்டர் பெண்ணின் தம்பி. அவனும் பெரியவரும் ஒரே காவலில் இருந்தவர்கள்தானே, அடுத்தது நம் பெயர்தான் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். ஐந்து, ஆறு, பதினொன்று. பக்கம் முடிந்தது. திருப்பினேன்.

இரண்டாம் பக்கத்தில் ஆறாவது. வயது இருபத்திரண்டு, அப்பா பெயர், இறந்த தேதி, குழி எண் பதினெட்டு.

என் குரல் மாறவில்லை அக்கா. மற்ற பெயர்களைப் போலவே படித்தேன். அவன் பெயரில் வருகிற ழ அவர்கள் எழுத்தில் ல ஆகியிருந்தது. "இல்லை, ழ" என்று திருத்தினேன். எழுத்தர் அடித்து மாற்றி எழுதினார். ஏழாவது பெயருக்குப் போனேன். எதிர்நாற்காலிக்காரர் தலை நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். அன்று மாலை வரை அவர் தன் பங்கை ரொம்ப மெதுவாகப் படித்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை படிப்பதுபோல. அவர்கள் தலைவரே எரிச்சல்பட்டார். அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

கடைசி ஆள் கோட்டைத் தாண்டும்வரை வெளியே ஒரு பெயரும் போகக் கூடாது என்று இரண்டு தலைவர்களும் கைகொடுத்துக்கொண்டார்கள். காகிதம் எதுவும் இல்லை, கை மட்டும்தான். அறையில் இருந்த எல்லோரும் அதற்குள் அடக்கம். பதினோரு பேரை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் சொல்லப் பயந்ததும் அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. விடுப்பு கொடுத்தபோது வராததும் அதனால்தான்.

இருபத்தாறாம் தேதி அவனைக் கொண்டுவருவார்கள். நான் கூட வருவேன். உள்ளே வரலாமா வேண்டாமா என்று நீ சொல்.

பாப்பா


செப்டம்பர் 5

பாப்பா,

நீ வந்தே, மூணு நாள் இருந்தே, போனே. ரெண்டு பேரும் டீ போட்டோம், பாத்திரம் கழுவினோம். பேசலை. அதனால எழுதறேன்.

எனக்கு அழுகை வரலை. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க, பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரி. பக்கத்து வீட்டு அம்மா தினமும் என் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போறாங்க. பெட்டியைத் தூக்கிட்டு வந்த ஆறு பேர்ல ஒருத்தனுக்கு ஷூ பெரிசு, நடக்கறப்போ குதிகால் கழண்டு கழண்டு வந்துச்சு. எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு.

அடுத்த வாரம் டிப்போவுக்குப் போயிட்டேன். கண்டக்டர் பொண்ணோட தம்பி வந்திருந்தான். குச்சி மாதிரி இருக்கான். மெக்கானிக் எல்லாம் அவனைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஷெட்டைச் சுத்தறாங்க. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்ததும் நின்னுட்டா. நான் "பதினேழாம் நம்பர், ஒன்பது பத்துக்கு எடுக்கணும்"னேன். எடுத்தாங்க. நோட்டுல எழுதினேன். அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பையன் என் மேஜைகிட்ட வந்து நின்னான். சண்டை அன்னைக்கே ரெண்டு பேரையும் பிரிச்சுட்டாங்களாம், அப்புறம் பார்க்கவே இல்லையாம். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். உட்காருப்பான்னேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

நாலு மாசம் நீ தெரிஞ்சு வெச்சுக்கிட்டிருந்தே. நான் ஏப்ரல்லேருந்து தெரிஞ்சு வெச்சுக்கிட்டிருந்தேன். அவ்வளவு மழையில உட்கார்ந்துக்கிட்டு மழைன்னு ஒரு வார்த்தை எழுதலையே நீ. அன்னைக்கே அடுப்பை அணைச்சுட்டுச் சும்மா உட்கார்ந்துட்டேன். பொய்க்குக்கூட எழுத மாட்டேன்னு இருந்தே பாரு, அது நல்லதா கெட்டதான்னு இன்னும் யோசிக்கிறேன்.

உன்மேல கோபமான்னு கேட்டா, இல்லை. கோபம் இருந்தாலும் தேவலை. ஒண்ணுமே இல்லை. கை மரத்துப்போனா கிள்ளிப் பார்ப்போமே, அப்படித் தினமும் கிள்ளிப் பார்க்கறேன்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். சண்டை நடந்தது மூணாம் தேதி. அவங்க தாள்ல போட்டிருக்கற தேதி பன்னெண்டு. நடுவுல ஒன்பது நாள் இருக்கு. அந்த ஒன்பது நாள் அவன் எங்க இருந்தான், யார் பக்கத்துல இருந்தாங்க? உன் எதிர்நாற்காலிக்காரரைக் கேக்க முடியுமா?

மாத்திரை போடறேன்.

அக்கா


அக்டோபர் 10

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? நான் இருக்கிறேன். இப்போது மாதம் ஒரு கூட்டம் நடக்கிறது. ஆற்றுத் தண்ணீர் பற்றிப் பேசுகிறோம்.

போன கூட்டத்தின் இடைவேளையில் எதிர்நாற்காலிக்காரரிடம் கேட்டேன். "அந்த ஆறாவது பெயர் எனக்கு மகன் முறை" என்றேன். "தெரியும்" என்றார். "ழ-வை அப்படி யாரும் திருத்த மாட்டார்கள்." எழுதிக் கேட்பதாகச் சொன்னார். நேற்றுக் கவர் வந்தது. அவர்கள் பக்கத்து முகாம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு வார்டு உதவியாளர் எழுதியது. மொழிபெயர்த்துத் தருகிறேன். என் சொந்தச் சொல் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை.

"அம்மாவுக்கு, வணக்கம். வாசலை ஒட்டின கட்டிலில் இருந்தார். வயிற்றில் காயம். மருத்துவர் இரண்டு தடவை அறுத்துப் பார்த்தார். முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் நாளிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். விரலை நீட்டி நீட்டி, எங்களுக்கு உத்தரவு போடுவதுபோல. அவர் மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஆளை அனுப்பும்படி கேட்டோம், வரவில்லை. அவர் பேசும்போது நான் தலையாட்டுவேன். ஆட்டாவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார். அதனால் ஆட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்களும் எங்கள் சிப்பாய்கள்தான், அவர்களும் ஆட்டினார்கள். ஒருநாள் அவர் ஏதோ சொன்னதற்கு நான் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை போலிருக்கிறது, கோபித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தார். பன்னிரண்டாம் தேதி காலை தண்ணீர் கேட்டுச் சைகை காட்டினார். கொடுத்தேன். பிறகு பேசவில்லை. என்ன சொன்னார் என்று உங்களுக்கு எழுத முடியவில்லை. மன்னிக்கவும்."

இவ்வளவுதான் இருக்கிறது. நான் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன் அக்கா. மேற்கொண்டு எழுத வரவில்லை.

பாப்பா


அக்டோபர் 22

பாப்பா,

நான் இருக்கேன். உனக்கு உடம்பு தேவலையா?

லெட்டரைப் படிச்சேன். கண்டக்டர் பொண்ணோட தம்பிக்கும் படிச்சுக் காட்டினேன். மலைமேட்டுக் காவல்லயும் அவன் அப்படித்தான் பேசிக்கிட்டே இருப்பான்னான். அப்புறம் எழுந்து போய்க் குழாயடியில முகம் கழுவிட்டு வந்தான். எனக்கு அப்பவும் அழுகை வரலை.

அந்த வார்டு ஆளுக்கு ஒரு வரி எழுதணும். என் கையெழுத்துலதான் போகணும். நீ அவங்க எழுத்துல பெரிசு பெரிசா எழுதி அனுப்பு, நான் பார்த்துப் பார்த்து வரைஞ்சுடறேன். எத்தனை நாளானாலும் சரி. புரியாத பேச்சுக்கு ஒருத்தன் எட்டு நாள் உட்கார்ந்து தலையாட்டியிருக்கான். அது லேசான வேலை இல்லை, பெத்தவளே பாதி நேரம் ஆட்டினதில்லை.

'நீங்க தலையாட்டினீங்கன்னு அவனோட அம்மாவுக்குத் தெரியும்'னு எழுது. அது போதும். நன்றின்னு போடாதே. அது இன்னும் எனக்கு வரலை. வந்ததும் தனியா எழுதறேன்.

அக்கா